நண்பருக்காகக் கேட்கிறவர்

ஈறில் ரத்தம் வருவது அவருக்கு அல்ல, அவருடைய நண்பருக்கு. மருந்துக் கடையில் கேட்பதும் நண்பருக்காகத்தான். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் மகள் பல் மருத்துவம் படிக்கிறாள் என்று தெரிந்ததும், ரசம் வருவதற்குள் நண்பரின் வாய்க்குள் புகுந்துவிடுவார்.

"பிரஷ் பண்ணும்போது எச்சில்ல சிவப்பா வருதாம்மா. நெட்ல பார்த்தா எய்ட்ஸுன்னு போட்டிருக்கு. பயப்படுறார் பாவம்."

நண்பருக்கு வயது 46. இவர் வேலை பார்க்கும் அதே அலுவலகம், அதே பிரிவு. எந்தப் பக்கம் என்று அந்தப் பெண் கேட்டால், இவர் வாயைத் திறந்து வலப்பக்கக் கடைவாயைக் காட்டுவார். நண்பருக்கு எப்படித் தொற்றியிருக்கும்? இரண்டு வருடத்துக்கு முன் சலூனில் பழைய பிளேடு. சில நாள் கொசு. வேறு வழி எதுவும் அந்த நண்பரின் வாழ்க்கையில் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்யும்போது இவர் குரல் மட்டும் சற்று உயரும்.

கொசுவால் எச்.ஐ.வி. பரவாது. ஈறில் ரத்தம் வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் காரணம் பல்லிடுக்கில் படிந்து இறுகிய காரைதான். சிலருக்குச் சர்க்கரை நோய், சிலருக்கு ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை. இவரோ ரத்தத்தைப் பார்த்த நாளிலிருந்து அந்தப் பக்கம் பிரஷ்ஷையே கொண்டுபோவதில்லை. அழுக்கு சேர்கிறது, ஈறு வீங்குகிறது, ரத்தம் கூடுகிறது. "நண்பருக்கு முத்திப்போச்சு" என்று செய்தி வருகிறது.

ஒருநாள் துணிந்து, எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துக்கே போனார். பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது என்று ஆலோசகர் பொறுமையாகச் சொன்னார். "நண்பரைக் கூட்டிட்டு வாங்க சார்." அவர் வெளியூரில் இருக்கிறாராம். "அப்ப இங்க வரும்போது வரட்டும். வந்ததுக்கு நீங்க ஒரு டெஸ்ட் எடுத்துக்கிறீங்களா?" சட்டைக் கையை இவர் மடித்துவிட்ட வேகத்தைப் பார்த்து ஆலோசகர் சிரிக்காமல் இருந்தது பெரிய விஷயம். தொற்று இல்லை. சந்தேகப்படும் நாளிலிருந்து மூன்று மாதம் தாண்டியிருந்தால் இதுவே போதும் என்றார்கள். பிளேடு சம்பவம் நடந்து இரண்டு வருடமாகிறது. இருந்தும் இவர் வேறு லேபில் இன்னொரு முறை பார்த்தார்.

இதுவரை சிரிக்கலாம். ஆனால் அலுவலகத்தில் ஒருவருக்கு எச்.ஐ.வி. என்று யாரோ கிசுகிசுத்ததை நம்பி, வீட்டிலிருந்து தனி டம்ளர் கொண்டுவந்ததும் இதே ஆள்தான். டம்ளரால் பரவாது என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் நாட்டின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தபோது மருந்தில்லை. இன்று கூட்டு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். பாதித்தவரை வேலையிடத்தில் ஒதுக்குவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இருந்தும், கிசுகிசுக்கு ஆளான அந்த மனிதர் மூன்று மாதம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். எரிச்சலாக இருக்கிறது.

பல் டாக்டர் ஸ்கேலிங்குக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார். சுத்தம் பண்ணினால் பல் ஆடிப்போகும் என்று கேள்விப்பட்டதால் இவர் இன்னும் போகவில்லை. முறுக்கை ஊறவைத்து இடப்பக்கமாகவே மெல்லுகிறார்.