குர்புரப்பும் என் குறிப்பேடும்

வருஷப் பிறப்புக்கு முன்பே புது டைரி ஒன்றை வாங்கி, விடுமுறைகள், விரதங்கள், உறவினர் வீட்டு விசேஷங்கள் யாவற்றையும் சிவப்பு மையால் குறித்து வைத்துக்கொண்டு, பன்னிரண்டு மாதமும் அதன்படியே சாங்கோபாங்கமாக நடந்தேறிவிடும் என்று நம்புகிற ரகத்தைச் சேர்ந்தவன் நான். இப்படிப்பட்ட பிரகிருதி உத்தியோக நிமித்தமாக அமிர்தசரஸுக்குப் போய், அங்கே ஒரு சர்தார்ஜியின் வீட்டு மாடியில் குடியிருக்க நேர்ந்தால், அவனுடைய டைரி என்ன கதிக்கு ஆளாகும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

“குரு கோவிந்த சிங் ஜயந்தி என்றைக்கு வருகிறது?” என்று, குர்புரப் எனப்படும் சீக்கிய குருமார் திருநாட்களைக் குறித்துக்கொள்வதற்காகப் பேனாவும் கையுமாக வீட்டுக்காரரைக் கேட்டேன்.

“எந்த நாட்காட்டிப்படி?” என்றார் அவர்.

கனடாவில் குடியேறிய பால் சிங் புரேவால் என்ற பொறியாளர், சந்திரனை நம்பிக்கொண்டு பண்டிகை கொண்டாடும் அவஸ்தையைத் தீர்க்க வேண்டுமென்று பெருமுயற்சி செய்து, குரு நானக் அவதரித்த 1469-ஐ முதலாண்டாகக் கொண்ட நானக்‌ஷாஹி நாட்காட்டியை வகுத்தார்; அதை 2003-இல் குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டியும் ஏற்றுக்கொண்டு, மேற்படி ஜயந்தியை ஜனவரி 5-இல் நிலைநிறுத்தியது. அப்போதும் குரு நானக் ஜயந்தி, ஹோலா மொஹல்லா, பந்தீ சோட் ஆகிய மூன்றும் சந்திரன் வசமே விடப்பட்டன. 2010-இல் செய்த திருத்தத்தில் கோவிந்த சிங் ஜயந்தியும் சந்திரனிடமே திரும்பிப் போய்ச் சேர்ந்தது. அதன் பலனாக 2017-இல் ஜனவரி 5, டிசம்பர் 25 என்று இருமுறை வந்த அந்தத் திருநாள், 2018-இல் தலையே காட்டவில்லை. வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நடுவே அகப்பட்டு ஒரே சனிப் பெயர்ச்சியை இருமுறை அநுபவிக்கிற தமிழனுக்கு இதிலே ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றாலும், டைரி வைத்திருப்பவனுக்கு இது பெரிய சோதனைதான்.

வைசாகி ஒன்றுதான் என் மானத்தைக் காப்பாற்றியது. 1699-இல் ஆனந்தபூரில் கால்ஸா என்னும் சீக்கிய சமூகம் தோன்றிய அந்நன்னாள் சூரியனைப் பின்பற்றுவதாகையால், நம்முடைய சித்திரைப் பிறப்பை ஒட்டியே, நாணயம் தவறாமல் வந்துவிடுகிறது.

வீட்டிலிருந்த மாதாஜிக்கோ இந்த விவகாரம் எதுவும் பொருட்டல்ல. நாட்காட்டியை அவர் ஏறிட்டும் பார்க்க மாட்டார். அவருடைய வருஷம் முழுவதும் சாமான் அறையில் இருந்தது. கடலை மாவு மூட்டை வந்து இறங்கினால் குரு நானக் ஜயந்தி நெருங்கிவிட்டதென்று அர்த்தம். ஏனெனில் அதற்குப் பல நாட்களுக்கு முன்பிருந்தே, நாமெல்லாம் போர்வையை இன்னும் ஒரு சுற்று இழுத்துப் போர்த்திக்கொள்ளும் வேளையில், டோலக்கும் சிம்டாவும் முழங்க பிரபாத் பேரி என்னும் அதிகாலைப் பஜனை ஊர்வலம் தெருவில் வரும். வருகிறவர்களுக்கெல்லாம் சூடான பக்கோடாவும் தேநீரும் கொடுத்தாக வேண்டும். பிறகு நாற்பத்தெட்டு மணி நேரம் இடைவிடாமல் அகண்ட பாடம் என்னும் புனித நூல் பாராயணம் நடக்கும். அது பூர்த்தியாகும் தறுவாயில் மாதாஜி நெளிந்துபோன ஒரு பித்தளைக் கிண்ணத்தை எடுத்து, கோதுமை மாவு ஒன்று, நெய் ஒன்று, சர்க்கரை ஒன்று என்று அளந்து கடாயில் போட்டுக் கிளற ஆரம்பிப்பார். மாவு சிவந்து நெய் பிரியும் பொழுது எழுகிற வாசனை மாடிப்படி ஏறி வந்து, மேஜைமீது திறந்து கிடக்கும் என் டைரியை வெகு நேரம் பரிகாசம் செய்யும். அந்தக் கடாப் பிரசாதத்தை இரு கரங்களையும் குவித்து வாங்கிக்கொண்ட பிறகு, திதி சரிதானா என்று விசாரிக்க எவருக்கும் மனம் வராது. விரல்களைத் துடைத்துக்கொள்ளவும் வராது.

எந்தத் திட்டத்துக்கும் அடங்காதது சபீல்தான். 1606-இல் லாகூரில், கொடிய வெயில் காலத்தில் சித்திரவதைப்பட்டு உயிர்த் தியாகம் செய்த குரு அர்ஜன் தேவரின் நினைவாக, மே இறுதியிலோ ஜூனிலோ தெருமுனைதோறும் பந்தலிட்டு, பாலும் ரோஜா சர்பத்தும் பனிக்கட்டியும் கலந்த தண்ணீரை அண்டா அண்டாவாக வழங்குவார்கள். இளைஞர்கள் நடுச்சாலையில் இறங்கி நின்று பேருந்தையும் லாரியையும் வழிமறிப்பார்கள். சைக்கிளில் ஆபீஸுக்குப் போகும் என்போன்ற அற்பனைக் கேட்க வேண்டுமா? “இப்போதுதான் முந்தின முனையில் குடித்தேன், ஐயா” என்று மன்றாடினால், “அது அந்த முனையின் சபீல், இது எங்களுடையது” என்று நியாயம் பேசி, தம்ளரைக் கையில் திணித்துவிடுவார்கள். அந்த வாதத்துக்கு எந்த நீதிமன்றத்திலும் பதில் கிடையாது.

ஆகையால் அந்தப் பருவத்தில் அமிர்தசரஸுக்குப் போக உத்தேசிக்கும் அன்பர்கள் தேதியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்; காலைச் சிற்றுண்டியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.