மேம்பாலத்தோடு போன ஸ்மார்ட் சிட்டி

பெங்களூரு லிங்கராஜபுரத்துக்கு ஸ்மார்ட் சிட்டி வந்ததா என்று ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். வந்ததே! மேம்பாலத்தின் மேலேயே போய்விட்டது. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் கல் பதித்தது, கப்பன் பார்க்கில் காற்று வாங்கியது. நாங்கள் பாலத்துக்குக் கீழே இருக்கிறோம்.

2015 ஜூன் 25 அன்று, 100 நகரங்களுக்கு அறிவு வரப்போகிறது என்றார்கள். இருபதே நாளில், ஜூலை 15 அன்று, மனிதர்களுக்குத் திறன் வரும் என்று இன்னொரு திட்டம். பெங்களூரு 2017இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் ஏறியது. 2025 மார்ச் 31 அன்று கடையைக் கட்டியாயிற்று. 100 ஊரிலும் கட்டுப்பாட்டு அறை தயார். சுவர் முழுக்கத் திரை. திரையைப் பார்க்கப் பயிற்சி உண்டு. மோரி அடைத்துக்கொண்டால் எந்த மூடியைத் தூக்குவது? அது பாடத்தில் இல்லையாம்.

திறன் எங்கள் சந்தில் இருக்கிறது ஐயா. குழாய் இருமும் சத்தத்தை வைத்தே, வருவது காவேரியா வெறும் காற்றா என்று அரைத்தூக்கத்தில் சொல்லும் அத்தைகள் இருக்கிறார்கள். 100 கிலோமீட்டர் மேடேறி வருகிற ஆறு எந்த வீட்டு மோட்டாருக்குள் மறைகிறது என்பதும் அவர்களுக்கு அத்துப்படி. சென்சாரும் கிடையாது, சார்ஜரும் கிடையாது. தண்ணீர் மூடிய ரோட்டில் பள்ளத்தை ஞாபகத்தாலேயே தாண்டுகிற ஆட்டோக்காரருக்கு எந்த நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது?

இதையெல்லாம் கேட்டுப்போக ஒரு கார்ப்பரேட்டர் வேண்டும். மாமன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு ஐந்து வருடம் தேர்தலே இல்லை. 2025 செப்டம்பரில் மாநகராட்சியையே ஐந்தாக வெட்டினார்கள். வகுத்தல் கணக்கில் மட்டும் நம்மவர்கள் கெட்டி.

கேலி இத்தோடு போதும். கையால் மலம் அள்ளுவதை 1993இல் தடை செய்தார்கள். பாதுகாப்பில்லாமல் சாக்கடைக் குழிக்குள் ஆளை இறக்குவதை 2013இல் தடை செய்தார்கள். இன்றும் நாட்டில் ஆள் இறங்குகிறான். எந்தச் சாதி என்று நான் வேறு சொல்ல வேண்டுமா? உள்ளேயே செத்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உயர்த்திச் சொன்னது. சாவுக்கு விலை ஏறியிருக்கிறது. அவன் கைக்கு உறை வந்தபாடில்லை. அவன் குனிவதைக் கேமரா துல்லியமாகக் காட்டும், நல்ல கேமரா. அதைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஏசி அறையில் பயிற்சி. இறங்குகிறவனுக்கு இடுப்பில் ஒரு கயிறு.