ஆன்டிபயாடிக் சிரப்பின் மெய்க்கீர்த்தி

மருந்துக்கடை அலமாரியில் வீற்றிருந்து, கேட்டவர்க்கெல்லாம் சீட்டுக் கேளாமல் எழுந்தருளும் வள்ளலே, ஆன்டிபயாடிக் சிரப்பு மகாராஜாவே! காய்ச்சி ஆறிய நீரைக் கோடு வரை வார்த்துக் குலுக்கிய கணமே பழமணம் கமழத் தரிசனம் தரும் தேவரீரின் பராக்கிரமத்தைப் பாட எத்தனை நாவு வேண்டும்!

நிமோனியாவைத் தரும் பாக்டீரியாவைக் கொன்று பிள்ளைகளின் உயிர் மீட்கும் ஆற்றல் தேவரீருக்கு உண்டு. அத்தகைய அற்பப் போர்களோடு நின்றுவிடாததல்லவோ தேவரீரின் பெருமனம்! குழந்தைக்கு மூக்கு ஒழுகினாலும் படையெடுத்து வருகிறீர்கள். சளியைத் தந்தது வைரஸ். அதன்மேல் தேவரீரின் வாள் ஒரு கீறலும் போடாது. அதனால் என்ன? உருவிய வாளை வெறுமனே உறையிலிடுவது வீரர்க்கு அழகா? எதிரியை விட்டுவிட்டு, குடலில் குடியிருந்த பிரஜைகளை வெட்டிச் சாய்த்த தீரம் வேறெந்த வேந்தனுக்கு வாய்த்தது! சளி சில நாளில் தானே வடிகிறது. 'இவனுக்கு இந்த மருந்துதான் கேட்கும்' என்று வீடே தேவரீருக்கு வாகை சூட்டுகிறது. மிச்சம் பாதிப் புட்டி தம்பிக்காக ஃப்ரிட்ஜில் ஏறுகிறது.

மாண்ட பிரஜைகளின் குற்றமும் சாமானியமானதா? க்ளாஸ்ட்ரிடியா என்னும் பாக்டீரியாக் கூட்டத்தார் நார்ச்சத்தை நொதிக்க வைத்து, பியூட்ரேட் ஆக்கி, குடற்சுவரின் செல்களுக்கு ஊட்டினார்கள். சுவர் கசியாமல் காத்தார்கள். உணவிலுள்ள புரதம் பகையல்ல என்று உடலின் எதிர்ப்புப் படையைப் பழக்கினார்கள். கூலி வாங்காமல் இவ்வளவு உழைப்பவர்களை எந்த அரசர்தான் உயிரோடு விட்டுவைப்பார்!

சிகாகோ பல்கலைக்கழகத்துக் கேத்ரின் நாக்லர் அம்மையாரின் குழு 2014-இல் தேவரீரின் வெற்றிக்குச் சாசனமே பொறித்தது. பிறந்த சில நாளிலேயே ஆன்டிபயாடிக் புகட்டப்பட்ட சுண்டெலிகளின் உடல், நிலக்கடலைப் புரதத்தைப் பகைவனாகக் கண்டு கொதித்தெழுந்தது. க்ளாஸ்ட்ரிடியாவை மீண்டும் குடியேற்றிய எலிகளில் அந்தப் பகை மூளவில்லை. கடலைப் புரதம் இரத்தத்தில் கசிவதும் குறைந்தது. 2019-இல் அதே குழுவின் ஆய்வில், ஆரோக்கியமான கைக்குழந்தைகளின் குடல் நுண்ணுயிர்களைப் பெற்ற எலிகள் பசும்பால் ஒவ்வாமைக்குத் தப்பின. பால் ஒவ்வாத குழந்தைகளின் நுண்ணுயிர்களைப் பெற்றவை தப்பவில்லை. மனிதக் குழந்தைகளிலும், பிறந்த முதலாண்டில் தேவரீரை அடிக்கடி அருந்தியோரிடம் உணவு ஒவ்வாமை கூடுதலாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. பாலும் முட்டையும் கடலையும் நஞ்சாகும் வரம், பேசத் தெரியாத வயதிலேயே கிடைக்கக்கூடும் என்றால் அது எத்தகைய கொடை!

எல்லாவற்றிலும் மேலானது தேவரீரின் தன்னடக்கம். கடலை மிட்டாயை ஒரு கடி கடித்த பிள்ளைக்கு உதடு தடித்து, உடம்பெல்லாம் தடிப்பு எழும்பி, மூச்சு இழுக்கும்போது, ஊரார் வைவது கடலையைத்தான். தேவரீரின் திருநாமம் எவர் வாயிலும் வருவதில்லை. அடுத்த சளிக்கும் தேவரீரையே அழைப்பார்கள்.