அரைக்கட்டை ஏற்றம்

ஆங்கிலப் பாட்டில் சரக்கு தீர்ந்துவிட்டால் கடைசிப் பல்லவியைச் சுருதி ஏற்றிப் பாடுவார்கள். லாரிக்காரர் கியர் மாற்றுகிற மாதிரி என்று அவர்களே கேலி செய்வதுண்டு. ஜிஎஸ்டி ரோட்டு லாரிகளைக் கேட்டே வளர்ந்த எங்கள் ஒலக்கூருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1992-இல் விட்னி ஹூஸ்டன் ஒரு பாட்டில், டிரம்மில் ஒரே அடி விழுந்ததும் ஆறு கட்டையிலிருந்து ஏழுக்குத் தாவினார். 2011-இல் பியான்சே ‘லவ் ஆன் டாப்’ பாட்டில் நாலு தரம், அரை அரைக் கட்டையாக. படி ஏறுவதில் அப்படியொரு ஆசை!

நம்ம பக்கத்துத் தெருக்கூத்திலோ, ராத்திரி ஆர்மோனியக்காரர் பிடித்த கட்டைதான் விடியும்வரை. கர்ணனே செத்தாலும் அரைக்கட்டை கூட்டித் தரமாட்டார். முன்வரிசையில் குறட்டை கேட்டால் மட்டும் மைக்செட்காரர் ஏதோ திருகுவார். அது சுருதி இல்லை, சத்தம்.