மிளகு, உளுந்து, மேகம்: உளுந்தூர்பேட்டை வான்மாற்றியல் குறித்து ஓர் ஆய்வு

உளுந்தூர்பேட்டையை ஒட்டிய உளுந்தாண்டார்கோயிலில் ஒரு கதை சொல்வார்கள். மிளகு மூட்டைகளோடு அந்த வழியாகப் போன வணிகரிடம், முதியவர் வேடத்தில் வந்த சிவன் கொஞ்சம் மிளகு கேட்டார். மூட்டையில் இருப்பது உளுந்து என்று வணிகர் கைவிரித்துவிட்டார். சந்தையில் போய் அவிழ்த்தால் உள்ளே மெய்யாகவே உளுந்து. அழுது தொழுத பிறகு உளுந்து மறுபடி மிளகானதாம். சுவாமியின் பெயர் மாஷபுரீஸ்வரர். வடமொழியில் மாஷம் என்றால் உளுந்து.

பக்தர்கள் இதைப் பொய்க்குக் கிடைத்த தண்டனை என்பார்கள். வான்மாற்றியல் அறிஞருக்கு இதில் வேறு செய்தி இருக்கிறது. மூட்டையின் கட்டு அவிழவில்லை, கோணி மாறவில்லை. உள்ளே இருந்ததை மட்டும் உருவிவிட்டு இன்னொன்றை வைத்தாகிவிட்டது. வாடிக்கையாளர் கண்ணீர் விட்டதும் பழையபடி மாற்றியும் கொடுத்தாகிவிட்டது. கணினியில் இந்தப் பின்வேலைக்குக் கண்ட்ரோல் இசட் என்று பெயர். எனவே, படத்தில் மலையையும் மரத்தையும் தொடாமல் வானத்தை மட்டும் மாற்றும் கலைக்கு உளுந்தூர்பேட்டையே தாய்வீடு என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

துணைச்சான்றும் உண்டு. உளுந்தூர்பேட்டை அடங்கிய கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக உதித்தது 2019 நவம்பர் 26 அன்று. படத்தில் வானம் எது என்று தானே கண்டுபிடித்துத் தானே மாற்றித் தரும் லூமினார் 4 மென்பொருள் வெளிவந்ததும் அதே நவம்பரில்தான். மாவட்டத்துக்கு ஒரு வயது நிரம்பும் முன்பே, 2020 அக்டோபரில், ஃபோட்டோஷாப்பிலும் அந்த வசதி வந்து சேர்ந்தது. தற்செயல் என்பவர்கள் மிளகுக் கதையை மறுபடி ஒருமுறை படிக்கலாம்.

இனி ஆய்வுக்களம். சென்னை–திருச்சி சாலையிலிருந்து சேலம் சாலை பிரியும் இந்த ஊரில் வானத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இங்கே இருக்கிறது. அதில் நின்றுகொண்டு கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் பாதிக்கு மேல் வானம்தான் விழும். சிக்கல் என்னவென்றால், பங்குனி சித்திரையில் அந்த வானத்துக்கு நிறம் என்று ஒன்று கிடையாது. கஞ்சி போட்ட வேட்டியைக் காயப்போட்ட மாதிரி வெளுத்துக் கிடக்கும். மரத்தடியில் நிற்கிற மாப்பிள்ளையின் முகத்துக்கு வெளிச்சம் அளந்தால், இருக்கிற கொஞ்சநஞ்ச நீலமும் போய்விடும். வானத்துக்கு அளந்தால் மாப்பிள்ளை கரிக்கட்டை. ‘ஸ்கை பர்ன் ஆயிடுச்சு’ என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்வது இதைத்தான். பெண் வீட்டார் ஆல்பத்தில் தேடுவது மாப்பிள்ளையை என்பதால், பலி கொடுக்கப்படுவது எப்போதும் வானமே.

இந்த நோய் பழையது. 19ஆம் நூற்றாண்டின் கண்ணாடித் தகடுகளுக்கு நீல ஒளி என்றால் அளவுகடந்த கூச்சம். நிலம் ஒழுங்காகப் பதிவதற்குள் வானம் வெந்து வெள்ளையாகிவிடும். பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே 1850களின் பிற்பகுதியில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியே எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டுப் பேர் வாங்கினார்.

நமக்குக் கிட்டத்து முன்னோடி, சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக 1856இல் நியமனம் பெற்ற லின்னேயஸ் டிரைப். மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை என்று சுற்றி அவர் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வந்தன. அவற்றில் ஒன்று ராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்களும் அடங்கியது. நம் மாவட்டத்துக் கல்வராயன் மலையின் ஒரு பகுதி இன்றைக்கும் சேலம் மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதால், இவரை மாவட்டத்துக்காரர் என்று உரிமை கொண்டாட இவ்வாய்வு தயங்கவில்லை. பர்மாவில் 1855இல் எடுத்த காகித நெகட்டிவ்களில் வெறுமையாக இருந்த வானத்தில் டிரைப் தூரிகையால் மேகம் தீட்டினார். நெகட்டிவில் கறுப்பாகத் தீட்டியது அச்சில் வெளுப்பாக விழும். ஆக, வெண்மேகம் வேண்டுமென்றால் கருமேகம் வரைய வேண்டும். இன்று சுட்டியை ஒரு தட்டுத் தட்டுகிறவர்கள் அந்த ராணுவ அதிகாரியின் பொறுமைக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆளுநர் டிரெவெல்யன், ஆகிற செலவைப் பார்த்துவிட்டு அரசின் புகைப்படப் பிரிவையே மூடினார். அரசு செலவில் மேகம் போட்ட காலம் அத்தோடு முடிந்தது.

இப்போது மேகம் தனியார் வசம். ஸ்டுடியோவில் உரையாடல் ஏறக்குறைய இப்படி நடக்கும்:

“அண்ணே, வானம் டல்லா இருக்கு. மாத்திடுங்க.”

“என்ன வேணும் தம்பி? மேகமா, சாயங்காலமா?”

“நல்லதா ஒண்ணு போடுங்கண்ணே.”

இந்த ‘நல்லதா ஒண்ணு’ ஃபோட்டோஷாப்போடு சேர்ந்தே வருகிறது. நீல வானம் ஒரு கட்டு, அந்தி வானம் ஒரு கட்டு, அட்டகாசமான வானம் என்று தனியாக ஒரு கட்டு. எதைத் தேர்ந்தாலும் நிலத்தின் நிறத்தையும் அதற்கேற்பக் கொஞ்சம் சாய்த்துத் தரும். காதுகுத்துப் பேனரில் குழந்தைக்குப் பின்னால் மிதக்கிற மேகமே கண்ணீர் அஞ்சலிப் பேனரில் தாத்தாவைத் தாங்கிக்கொண்டு நிற்பதைச் சாலையோரம் பார்க்கலாம். ஃப்ளெக்ஸ் அச்சகத்தில் மேகத்துக்குச் சாதி, மதம், கட்சி எதுவும் இல்லை.

ஒட்டிய வானத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? இங்கேதான் இத்துறை அறிவியலாகிறது.

முதலில் திசை. கள்ளக்குறிச்சியிலிருந்து பார்த்தால் கல்வராயன் மலை மேற்கே இருக்கிறது. காலை வெயில் முகத்தில் அடிக்க, பாறை மடிப்பெல்லாம் தெரிய எடுத்த மலைக்குப் பின்னால் செக்கச்செவேலென்று சூரியன் மறைந்தால், அன்றைக்கு இரண்டு சூரியன் என்று பொருள். மென்பொருளில் வானத்தை இடவலமாகப் புரட்ட வசதி உண்டு. மலையின் நிழலைப் புரட்ட வசதி இல்லை.

அடுத்தது நிலா. கையை நீட்டினால் சுண்டுவிரல் நகம் முழுநிலவை மறைத்துவிடும்; அதன் அகலம் அவ்வளவுதான், அரைப் பாகை. ஒட்டிய நிலாவை மறைக்கச் சில படங்களில் தாம்பாளம் தேவைப்படுகிறது. பிறையாக இருந்தால் துப்பு இன்னும் துல்லியம். பூமத்திய ரேகைக்கு 12 பாகைகூட வடக்கே தள்ளாத இந்த ஊரில், மூன்றாம்பிறை பெரும்பாலும் படகு மாதிரி மல்லாந்துதான் கிடக்கும். வில்லைச் சுவரில் சாய்த்து வைத்த மாதிரி நின்றால் அது குளிர்நாட்டுப் பிறை, கடவுச்சீட்டு இல்லாமல் வந்திருக்கிறது. கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ளும் இரவு சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி வரும். அந்த இரவின் படத்தில் பிறை தெரிந்தால், இந்து சமய அறநிலையத் துறைக்கு முன்னால் பஞ்சாங்கக்காரருக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

மூன்றாவது, பனைமரம். முடியையும் இலையையும் சுற்றிக் கத்தரிப்பதில் இந்த மென்பொருள்கள் கெட்டி என்று பெயர். கொய்யா, வேம்பு வரைக்கும் அது சரி. பனையோலையின் விரல் இடுக்குகளில் பழைய வானம் வெள்ளை வெள்ளையாகத் தங்கிவிடும். விளிம்பை நகர்த்தும் அளவைக் கூட்டினால் ஓலை நுனி கரையும், குறைத்தால் மரத்தைச் சுற்றி ஒளிவட்டம் வந்து பனை முனிவராகிவிடும். விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கம் பனை இல்லாத அடிவானம் அபூர்வம். இந்தத் தொழில்நுட்பத்துக்குச் சரியான தேர்வுக்கூடம் இதுதான் என்று மென்பொருள் நிறுவனங்களுக்கு யாராவது எழுதலாம்.

கல்வராயன் மலைமேல் மேகம் என்றே ஓர் அருவி இருக்கிறது. அதன் படத்துக்கும் மேகம் வெளியிலிருந்துதான் வருகிறது. பெயரில் இருப்பது படத்துக்குப் போதவில்லை போலும்.

கடைசிச் சான்று கோமுகி அணை. மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்துக்கு அருகே, 46 அடிக்குத் தண்ணீர் பிடிக்கும் அணை அது. கரையில் நின்று எடுத்த படத்தில் வானத்தை மாற்றினால், மேலே அந்தி மேகம் தீப்பிடித்து எரியும். கீழே தண்ணீரில் மதியம் பன்னிரண்டு மணியின் வெள்ளை வானம் அப்படியே கிடக்கும். தண்ணீருக்குள் தெரிவதும் வானம்தான் என்பது ஃபோட்டோஷாப்புக்கு உறைப்பதில்லை. மாவட்டத்தில் கழற்றிப் போட்ட பழைய வானங்கள் எல்லாம் எங்கே போகின்றன என்ற கேள்விக்கு இவ்வாய்வு கண்ட ஒரே விடை இதுதான்: அணையில் சேர்கின்றன. நீர்வளத் துறை அன்றாடம் எழுதிவைக்கும் நீர்மட்டக் கணக்கில் இந்த வரவுக்கு இன்னும் ஒரு கட்டம் ஒதுக்கவில்லை.