ஆறுக்கு ஐந்து

டூரின் நகரத்தில் ஏதாவது ஒரு தெருமுனை காபி பாருக்குள் செவ்வாய்க்கிழமை காலையில் நுழையுங்கள். கவுன்ட்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, ஆறிப்போன எஸ்பிரெஸ்ஸோவைக் குடிக்காமல் பேசிக்கொண்டே நிற்பார் ஒருவர். அவர்தான் நம்மவர். பெயர் வேண்டாம், இத்தாலியில் பாருக்கு ஒருவர் இருக்கிறார். வயது ஐம்பதுக்கு மேல். கக்கத்தில் ரோஸ் நிறத்தில் வரும் 'கஸெட்டா' விளையாட்டுப் பத்திரிகை. பர்ஸ் நிறைய, நாலாக மடித்த பந்தயச் சீட்டுகள். ஜெயித்த சீட்டைக் கடையில் கொடுத்தால்தான் பணம் வரும்; ஆகவே பர்ஸில் தங்குவதெல்லாம் எந்த ஜாதி என்று நீங்களே ஊகிக்கலாம். ஆனால் 'தோற்றுவிட்டேன்' என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து வாங்க முடியாது.

"ஆறுல அஞ்சு வந்துடுச்சு. ஒண்ணுதான் காலை வாரிடுச்சு."

வருஷம் முழுக்க இதே வசனம்தான். காலை வாரும் அணியின் பெயர் மட்டும் மாறும். ஒரு வாரம் லெச்சே, மறுவாரம் காலியாரி.

இத்தாலியின் முதல்தரக் கால்பந்து லீக்கான சீரி ஆ-வில் 20 அணிகள், வாரத்துக்குப் பத்து ஆட்டம். நம்மவர் அதில் ஆறைப் பொறுக்கி எடுப்பார். எல்லாம் பெரிய கை ஜெயிக்கும் ஆட்டம், சின்னக் குழந்தைக்குக்கூட முடிவு தெரிந்த ஆட்டம். ஆட்டத்துக்கு ஒன்றரை மடங்கு என்று வைத்து ஆறையும் பெருக்கினால் பதினோரு மடங்கு சொச்சம் வரும். 5 யூரோ கட்டினால் 57 யூரோ கிட்டே கிடைக்கும். ஒன்றரை மடங்கு தருகிறான் என்றால், மூன்றுக்கு ஒரு தடவை அது கவிழும் என்று கடைக்காரனே சொல்கிறான் என்றுதான் அர்த்தம். ஆறும் சேர்ந்து நிமிர்ந்து நிற்பது பத்துக்கு ஒரு தடவைகூட இல்லை. இதை ஒரு கணக்கு வாத்தியார் அவரிடம் சொல்லிப் பார்த்தார். "நீங்க பந்து ஆடியிருக்கீங்களா சார்?" என்று கேட்டார் நம்மவர். வாத்தியார் இப்போது வேறு பாரில் காபி குடிக்கிறார்.

முன்பெல்லாம் எல்லா ஆட்டமும் ஞாயிறு மதியம் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடியும். டி.வி. சேனல்களுக்காக இப்போது வெள்ளியிலிருந்து திங்கள் வரை இழுத்துவிட்டார்கள். அப்பா ஒரே மூச்சில் அனுபவித்த வேதனையை மகன் நான்கு தவணையில் கட்டுகிறார். ஞாயிறு இரவுக்குள் ஐந்து தேறிவிடும். மிச்சம் ஒன்று, திங்கள் இரவு 8.45-க்கு. அந்த நேரம் பார்த்து செல்போன் செயலி கண் சிமிட்டும்: இப்பவே முடித்துக்கொண்டால் 30 யூரோ, சம்மதமா? பாரில் நிற்கும் அத்தனை பேரும் "வாங்கிக்கோப்பா" என்பார்கள். அவர் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். பாதியில் எழுந்து போவதற்கு இது என்ன சாப்பாட்டுப் பந்தியா? பிறகு 94-ஆவது நிமிடம் வரும். நடுவர் காதில் விரலை வைத்து, ஓடிப்போய் ஓரத்து டி.வி.யை எட்டிப் பார்ப்பார். 2017-ல் இந்த வீடியோ நடுவர் முறை வந்ததிலிருந்து நம்மவருக்கு ஒரு சௌகரியம்: திட்டுவதற்கு இன்னொரு ஆள் கிடைத்துவிட்டார்.

சொந்த அணி விஷயத்தில் மட்டும் அவர் தனி ஞானி. அவர் டொரினோ ரசிகர். அந்த அணி உள்ளூர் எதிரி யுவென்டஸை 1995-க்குப் பிறகு அடுத்த தடவை வென்றது 2015-ல். இதைப் பொறுத்துக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார். யுவென்டஸ் ஜெயிக்கும் என்று பணம் கட்டிவிடுவார். டொரினோ ஜெயித்தால் மனசுக்கு லாபம், தோற்றால் பைக்கு லாபம். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டதாக நினைத்தவர் மூன்றாவது கதவை மறந்துபோனார். ஆட்டம் டிராவில் முடிந்தால் மனசும் போச்சு, பையும் போச்சு.

இந்த நோய் பரம்பரையாக வந்தது. நாஜி வேட்டைக்குத் தப்பி சுவிட்சர்லாந்து அகதி முகாமில் கிடந்த மாசிமோ தெல்லா பெர்கோலா என்ற யூத விளையாட்டு நிருபருக்கு அங்கே உதித்த யோசனைதான் கால்பந்துச் சீட்டு. போர் முடிந்து, 1946 மே 5-ஆம் தேதி முதல் சீட்டு வந்தது; விலை 30 லிரா. வாங்க ஆளில்லை. மிஞ்சிய லட்சக்கணக்கான சீட்டுகள், சவரக் கத்தி துடைக்க முடிதிருத்தும் கடைகளுக்குப் போனதாகச் சொல்வார்கள். நம்மவர் கையில் பின்னால் வந்த சீட்டுகளைவிட அந்தச் சீட்டுகள்தான் உருப்படியாக உழைத்தன என்பேன். இரண்டே வருஷத்தில் அரசாங்கம் வியாபாரத்தை எடுத்துக்கொண்டு டோட்டோகால்சியோ என்று பெயர் வைத்தது. அப்பா காலத்துச் சீட்டில் பதின்மூன்று ஆட்டம், உள்ளூர் அணிக்கு 1, வெளியூர் அணிக்கு 2, டிராவுக்கு எக்ஸ். மொத்தம் 15,94,323 விதமாக நிரப்பலாம். அப்பா ஒவ்வொரு சனிக்கிழமையும் அதில் ஒன்றிரண்டை நிரப்பிவிட்டு, ஞாயிறு மதியம் வானொலிப் பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டு உட்காருவார். மிலானில் வர்ணனை ஓடும்போதே வேறொரு மைதானத்திலிருந்து ஒரு குரல் குறுக்கே பாயும். அந்தக் குரலைக் கேட்டதும் நாடு முழுக்க எத்தனை வீட்டில் மதியச் சாப்பாடு கசந்ததோ!

சூதில் நியாயம் கேட்டு நின்றவர்களும் உண்டு. ரோமில் ஒரு பழ மொத்த வியாபாரியும் ஓர் ஓட்டல்காரரும் ஆட்டக்காரர்களுக்குக் காசு கொடுத்து, முடிவை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு கள்ளப் பந்தயம் கட்டினார்கள். பேசின ஆட்டம் பேசினபடி முடியவில்லை. கடன் கழுத்தை நெரித்தது. 1980 மார்ச்சில் நேரே அரசு வழக்கறிஞரிடம் போய் 'எங்களை ஏமாற்றிவிட்டார்கள்' என்று புகார் எழுதிக் கொடுத்தார்கள்! அந்த மாதமே போலீஸ் மைதானங்களுக்குள் புகுந்து ஆட்டக்காரர்களைப் பிடித்துப் போனது. மிலானும் லாட்சியோவும் இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளப்பட்டன. தான் குற்றமற்றவன் என்று கடைசிவரை சொன்ன பாவ்லோ ரோஸ்ஸி இரண்டு வருஷம் தடையில் இருந்தார். திரும்பி வந்து 1982 உலகக் கோப்பையில் ஆறு கோல் போட்டு நாட்டுக்கே கோப்பை வாங்கிக் கொடுத்தார். இதைச் சொல்லும்போது நம்மவர் கண் கலங்கும், பழ வியாபாரியை நினைத்து. "பேசி வச்ச ஆட்டமே அவனுக்குத் தப்பிச்சு பாருங்க!"

2023-ல் பந்தயம் கட்டியதற்காக யுவென்டஸின் ஃபாஜோலிக்கு ஏழு மாதமும், மிலானிலிருந்து இங்கிலாந்து போயிருந்த டொனாலிக்குப் பத்து மாதமும் தடை விழுந்தபோது, பாரில் நம்மவருக்கு இடுப்பு நிமிர்ந்தது. "ஆடுறவனே கடன்காரனா நிக்கிறான். பார்க்கிற நான் 5 யூரோ விட்டதுக்கு என் பெண்டாட்டி கத்துறா!" சூதாட்ட விளம்பரங்களுக்கு அரசாங்கம் 2018-லேயே தடைச் சட்டம் கொண்டுவந்தது. நம்மவர் வாய்க்கு மட்டும் தடை இல்லை. அதைக் கேட்டு ஒருவனும் பந்தயம் கட்ட மாட்டான் என்று விட்டிருக்கலாம்.

சீசனின் கடைசி வாரம். பஸ் டிக்கெட் வாங்க வந்த எழுபது வயது அம்மாள், சில்லறை மிச்சம் 2 யூரோவைத் திருப்பி வாங்காமல் மூன்று ஆட்டத்துக்கு எக்ஸ், எக்ஸ், எக்ஸ் என்று போட்டுவிட்டுப் போனாள். மூன்றும் டிரா. 65 யூரோ. மறுநாள் வாசலிலேயே மறித்தார் நம்மவர்.

"எதை வச்சு டிரான்னு போட்டீங்க சிஞோரா?"

"யாரும் தோக்க வேணாம்னு தோணுச்சு தம்பி. எல்லாம் பெத்தவங்க பிள்ளைங்கதானே."

நம்மவர் சீட்டை வாங்கிக் கவுன்ட்டரில் விரித்து வைத்தார். முதல் ஆட்டத்தில் இடது பின்கள ஆட்டக்காரனுக்குத் தொடையில் பிடிப்பு. அவன் ஆடியிருந்தால் டிரா ஆகியிருக்காது. இரண்டாவதில் பந்து கம்பத்தில் பட்டது. மூன்றாவதில் இரண்டு அணிக்கும் ஒரு புள்ளி போதும் என்பதால் பந்தை நடுவிலேயே உருட்டிக்கொண்டு இருந்துவிட்டார்கள். அரை மணி நேரம் ஆயிற்று. அம்மாள் பொறுமையாகக் கேட்டாள்.

"ஆக, நீங்க கட்டினது மகா தப்பு சிஞோரா."

"அப்ப பணத்தைத் திருப்பிக் கொடுத்துடவா தம்பி?"

நம்மவர் உடனே பதில் சொல்லவில்லை. நியாயமாகப் பார்த்தால் கொடுக்கத்தான் வேண்டும் என்பது அவர் கட்சி.