நடுவில் நிற்கும் வில்லன்

கேள்வி: 500 வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய தேவாலயங்களில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மரச்சிற்பங்களே பைபிளாமே! மரப்பொம்மை கதை சொல்லுமா?

பதில்: சொல்லும், கொஞ்சம் வம்பும் பேசும். ஜெர்மனியின் ரோத்தன்பர்க் நகரில் புனித யாக்கோபு ஆலயத்துப் பீடம் ஒன்று போதும். இயேசுவின் ரத்தத்துளி என்று நம்பப்பட்ட புனிதப் பொருளை வைப்பதற்காக எழுந்த பீடம் அது. அதில் இயேசுவின் கடைசி இராவுணவை லிண்டன் மரத்தில் செதுக்க, சிற்பி டில்மன் ரீமன்ஷ்நைடர் 1501-ல் ஒப்பந்தமானார். நடுவில் இயேசு இருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? நிற்பது யூதாஸ்! கையில் பணப்பை வேறு. இயேசு ஒரு பக்கமாக இருந்து, காட்டிக்கொடுக்கப் போகிறவனுக்கே அப்பத்தை நீட்டுகிறார். யூதாஸ் தனிச் சிற்பம் என்பதால் கழற்றியும் எடுக்கலாம். எடுத்தால், அதுவரை அவனுக்குப் பின்னால் மறைந்திருந்த சீடர் யோவான், இயேசுவின் மடியில் சாய்ந்திருப்பது தெரியும். ஆள் நகர்ந்தால் காட்சியே மாறுகிறது!

வழக்கமான பளபள வண்ணமும் இல்லை, வெறும் மரம்தான். பின்னால் நிஜக் கண்ணாடி ஜன்னல்கள். வெயில் நகர நகர முகங்களின் நிழலும் நகரும். லைட்டிங் சூரியனுடையது, சம்பளம் கிடையாது.

சம்பளம் என்றதும் ஞாபகம் வருகிறது: பீடத்தின் மரக்கூட்டைச் செய்த தச்சர் எர்ஹார்ட் ஹார்ஷ்னருக்கு 50 குல்டன் (அந்தக் கால நாணயம்), சிற்பிக்கு 60. செட் போட்டவருக்கும் ஹீரோவுக்கும் வித்தியாசம் பத்தே குல்டன். சினிமாக்காரர்கள் காதில் இது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.